செம்பு எங்கிருந்து வந்தது?

போன மாதம் பேத்திக்குக் கொலுசு வாங்க சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போயிருந்தேன். கடைக்குப் போகாமல் நேராக ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் என்னிடம் படித்தவர். அவர் பெயர் இங்கே வேண்டாம், மாணவர் என்றே சொல்கிறேன். அங்கே பார்த்த ஒரு காட்சி, நாற்பது வருடத்துக்கு முன்னால் வகுப்பறையில் நான் செய்த ஒரு தவற்றை ஞாபகப்படுத்திவிட்டது. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. ரசாயனம் என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். ஆணியும் மயில்துத்தமும் உப்பும் தெரிந்தால் போதும்.

1981ஆம் வருடம். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆய்வகம் என்று சொல்ல ஒரு பீரோவும் ஒரு மேஜையும் மட்டும் உண்டு. அன்றைக்கு இடப்பெயர்ச்சி வினை. ஒரு கண்ணாடிக் குவளையில் மயில்துத்தக் கரைசல், அதற்குள் நூலில் கட்டிய இரும்பு ஆணி. அரை மணி நேரம் கழித்து ஆணியை வெளியே எடுத்தால் செம்பு நிறம் பிடித்திருக்கும். பையன்கள் எல்லோரும் ஆவென்று பார்ப்பார்கள். உடனே நான் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதிவிடுவேன். பழைய பெயர்களில் எழுதினால் இப்படி இருக்கும்:

இரும்பு + மயில்துத்தம் → அன்னபேதி + செம்பு

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற சரக்குதான்.

கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், ஆணி செம்பா மாறிடுச்சா?"

வகுப்பே சிரித்தது. அவன் உட்காரவில்லை. "எங்க பட்டறையில வெள்ளித் தண்ணியில செம்புத் தகடு போடுவாங்க சார். தகடு கரைஞ்சு வெள்ளி வந்துடும். அப்ப செம்பு வெள்ளியா மாறுதா? இங்க இரும்பு செம்பா மாறுதா?"

எனக்கு மணி அடிக்கப் போகிறதே என்ற அவசரம். "பரீட்சையில அதெல்லாம் கேக்க மாட்டாங்க. பலகையில இருக்கிறதை எழுது. உட்காருடா" என்றேன். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான்.

அவன் கேட்ட கேள்வியை மனித குலமும் ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்கே தெரியாது.

சீனாவில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நூல் ஒன்றிலேயே, துத்தம் இரும்போடு சேர்ந்தால் செம்பு ஆகிறது என்ற செய்தி இருக்கிறது. சோங் அரச காலத்தில், அதாவது பதினொன்றாம் நூற்றாண்டில், அது பெரிய தொழிலாகவே ஆகிவிட்டது. நாணயம் வார்க்கச் செம்பு போதவில்லை. மலைகளில் இருந்து ஊறி வரும் துத்தத் தண்ணீரைத் தொட்டிகளில் நிறுத்தி, மெல்லிய இரும்புத் தகடுகளை அதில் ஊறப் போட்டார்கள். சில நாளில் தகட்டின் மேல் செம்பு படியும். அதைச் சுரண்டி உருக்குவார்கள். ஏறத்தாழ இரண்டேகால் பங்கு இரும்பு போட்டால் ஒரு பங்கு செம்பு கிடைத்ததாக அவர்கள் அரசுக் கணக்கில் குறித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐரோப்பாவிலும் இப்படி ஊற்றுகள் இருந்தன. இன்றைய ஸ்லோவாக்கியாவில் ஸ்மோல்னிக், ஹெரன்கிரண்ட் என்ற சுரங்க ஊர்கள். அங்கே ஊற்றுத் தண்ணீரில் பழைய இரும்பைப் போட்டு வைத்தால் அது செம்பாகிவிடும் என்று ஊர் ஊராகப் பேச்சு. அந்தச் செம்பில் கிண்ணங்கள் செய்து, மேலே தங்க முலாம் பூசி, "இரும்பாக இருந்தேன், செம்பாக ஆனேன்" என்ற பொருளில் வாசகம் பொறித்து விற்றார்கள். அருங்காட்சியகங்களில் இன்றும் அவை இருக்கின்றன. இரும்பைச் செம்பாக்க ஊற்றுத் தண்ணீரே போதும் என்றால், செம்பைத் தங்கமாக்க முடியாதா என்று ரசவாதிகளுக்கு ஆசை வராமல் இருக்குமா? கண்ணால் பார்த்த சாட்சி அவர்கள் கையில் இருந்தது. முட்டாள்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. என் மாணவன் முட்டாளா? கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே கேட்டான்?

முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் ஆஞ்சலோ சாலா என்ற இத்தாலிய மருத்துவர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம். அவர் துத்தத்தைப் பிரித்துப் பார்த்ததோடு நிற்கவில்லை. செம்பையும் கந்தக அமிலத்தையும் தண்ணீரையும் சேர்த்துத் தானே துத்தத்தைச் செய்து காட்டினார். பிரிக்கவும் முடிகிறது, சேர்க்கவும் முடிகிறது என்றால் விஷயம் தெளிவு. செம்பு ஏற்கெனவே தண்ணீருக்குள் ஒளிந்திருந்தது. இரும்பு உள்ளே போயிற்று, செம்பு வெளியே வந்தது. இடம் மாறியதே தவிர எதுவும் எதுவாகவும் மாறவில்லை. பெல்ஜியத்தின் வான் ஹெல்மான்ட்டும் வெள்ளியை வைத்து இதே முடிவுக்கு வந்தார். அமிலத்தில் கரைத்த வெள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் அழிந்துவிடவில்லை, திரும்ப எடுக்க முடியும் என்றார்.

"இடப்பெயர்ச்சி" என்ற அழகான தமிழ்ச் சொல்லிலேயே பதில் இருக்கிறது, பாருங்கள். நான் அந்தச் சொல்லை மட்டும் பிரித்துச் சொல்லியிருந்தால் போதும்.

அடுத்து, இதை எப்படி எழுதுவது என்ற பிரச்சினை. எழுத்தில் வந்தால்தானே அடுத்தவனுக்குச் சொல்ல முடியும்?

பிரான்சில் ழான் பெகன் என்பவர் 1615ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு சிறு படம் போட்டார். பாதரச உப்பு ஒன்றும் ஆன்டிமணித் தாது ஒன்றும் சேர்ந்தால் எந்தப் பகுதி எதோடு போகிறது என்று கோடு இழுத்துக் காட்டினார். ரசாயனச் சமன்பாட்டுக்கு முப்பாட்டன் என்று அதைச் சொல்வார்கள்.

நம் நியூட்டனுக்கும் இதில் பங்கு உண்டு. ஈர்ப்பு விசை, ஒளி என்று மட்டுமே அவரை நமக்குத் தெரியும். அவர் பல வருடங்கள் அடுப்பு மூட்டி ரசவாதம் பார்த்தவர், பிறகு லண்டன் நாணயச் சாலைக்குத் தலைவராக இருந்தவர். 'ஆப்டிக்ஸ்' நூலின் பிந்தைய பதிப்புகளில் கடைசியில் சில கேள்விகளைச் சேர்த்தார். செம்புக் கரைசல் இரும்பைக் கரைத்துக்கொண்டு செம்பை விட்டுவிடுகிறது, வெள்ளிக் கரைசல் செம்பைக் கரைத்துக்கொண்டு வெள்ளியை விட்டுவிடுகிறது. இதற்குக் காரணம் அமிலத்துக்கு ஒன்றைவிட மற்றொன்றின் மேல் ஈர்ப்பு அதிகம் என்பதுதானே என்று கேட்டார். சேலம் பட்டறையில் நடப்பது அப்படியே நியூட்டன் புத்தகத்தில் இருக்கிறது.

1718இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் எத்தியன் ஜெஃப்ராய் ஒரு அட்டவணை வைத்தார். பதினாறு பத்திகள். ஒவ்வொரு பத்திக்கும் தலையில் ஒரு பொருள். அதற்குக் கீழே, அதோடு அதிக ஒட்டுறவு உள்ளது முதலில், குறைந்தது கடைசியில். வெடியுப்பு அமிலத்துக்குக் கீழே இரும்பு, செம்பு, ஈயம், பாதரசம், வெள்ளி என்ற வரிசை. மேலே இருப்பது வந்தால் கீழே இருப்பது எழுந்து இடம் கொடுக்க வேண்டும். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த வினைபடு வரிசைக்கு அப்பன் இந்த அட்டவணைதான். நாம் படித்த வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நிகொலாய் பெகெடொவ் என்ற ருஷ்யர், 1865 வாக்கில்.

ஜெஃப்ராய் அட்டவணையில் ஒரு வேடிக்கை. பொருள்களுக்கு அவர் போட்டது ரசவாதிகளின் கிரக அடையாளங்கள். இரும்புக்குச் செவ்வாய், செம்புக்குச் சுக்கிரன், வெள்ளிக்குச் சந்திரன். நம் ஊரில் சுக்கிரனுக்கே வெள்ளி என்றுதான் பெயர். அந்த அட்டவணையைத் தமிழில் பாடம் நடத்தியிருந்தால் வெள்ளி என்றால் செம்பா, வெள்ளியா என்று பையன்கள் என்னைப் படாதபாடு படுத்தியிருப்பார்கள்.

ஸ்காட்லாந்தில் வில்லியம் கல்லன் தன் மாணவர்களுக்கு வகுப்பில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். இன்று நாம் சாதாரணமாகப் போடும் அம்புக்கு அதுதான் ஆரம்பம். சுவீடனில் டார்பர்ன் பெரிமன் 1775இல் இன்னும் ஒரு படி மேலே போனார். இரண்டு கரைசல் கலந்து, உப்புகள் ஜோடி மாற்றிக்கொள்வதை நான்கு மூலைப் படமாக வரைந்தார். அடியில் படிந்துவிடுவதைக் காட்டக் கீழ்நோக்கி வளைந்த கோடு போட்டார். வீழ்படிவுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பு போடச் சொல்லி நான் எத்தனை பேருக்கு அரை மார்க் குறைத்திருப்பேன்! அதற்கும் இருநூறு வயது என்று பிறகுதான் தெரிந்தது. பெரிமன் தன் நூலுக்கு வைத்த தலைப்பை எடுத்து, ஜோடி மாறும் மனிதர்களைப் பற்றி 1809இல் ஜெர்மனியின் கவி கதே ஒரு நாவலே எழுதிவிட்டார்.

ஆனால் இந்தப் படங்களில் எல்லாம் ஒரு குறை இருந்தது. யார் யாரோடு போனார்கள் என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. கல்யாண வீட்டில் யார் வந்தார்கள் என்று எழுதிவிட்டு மொய்த் தொகையை எழுதாமல் விட்டதுபோல.

மொய் எழுத வந்தவர் லாவாசியே. அவருக்குத் தொழிலே கணக்கு. பிரெஞ்சு மன்னருக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் கம்பெனியில் பங்குதாரர். ஆய்வகத்துக்கும் அதே கண்ணோடு போனார். உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்றார். 1789இல் வெளியான அவருடைய புத்தகத்தில் திராட்சைச் சாறு புளிப்பதைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு பக்கம் சாறு, நடுவில் சமக்குறி, மறுபக்கம் கரியமில வாயுவும் ஆல்கஹாலும் என்று வைத்தார். 'சமன்பாடு' என்ற சொல்லுக்கு அங்கேதான் உயிர் வந்தது. ஐந்து வருடம் கழித்து, 1794 மே 8ஆம் தேதி, புரட்சிக்காரர்கள் அவர் தலையை வெட்டினார்கள். வரி வசூல் செய்ததுதான் குற்றம்.

நான் படித்த காலத்தில் சமன்பாட்டின் நடுவில் சமக்குறிதான் போடுவோம். நான் வேலைக்கு வந்த பிறகு அம்புக்குறி வந்துவிட்டது. இரண்டிலும் ஒரு உண்மை இருக்கிறது. கணக்கு நேராகிறது என்று சமக்குறி சொல்கிறது. காரியம் எந்தப் பக்கம் நடக்கிறது என்று அம்பு சொல்கிறது.

அடுத்தது எழுத்து. இங்கிலாந்தின் ஜான் டால்டன் 1808இல் வட்டங்களை வைத்தார். வெறும் வட்டம் ஆக்சிஜன், நடுவில் புள்ளி வைத்தால் ஹைட்ரஜன், கறுப்பு வட்டம் கரி. உலோகங்களுக்கு வட்டத்துக்குள் எழுத்து. அச்சுக் கோர்ப்பவர்களுக்குப் பெரிய தொல்லை. 1813, 1814இல் சுவீடனின் பெர்சீலியஸ், வட்டம் வேண்டாம், லத்தீன் பெயரின் முதல் எழுத்து போதும் என்றார். "சில்வருக்கு ஏன் சார் ஏஜி? காப்பருக்கு ஏன் சார் சியூ?" என்று ஆண்டுதோறும் பையன்கள் கேட்பார்களே, விடை இதுதான். வெள்ளி லத்தீனில் அர்ஜென்டம், செம்பு குப்ரம், இரும்பு ஃபெர்ரம். டால்டனுக்கு இது பிடிக்கவே இல்லை. இந்த எழுத்துகளைப் படிப்பதும் ஹீப்ரு மொழி படிப்பதும் மாணவனுக்கு ஒன்றுதான் என்ற பொருளில் எரிந்து விழுந்தார். கடைசியில் எழுத்துதான் ஜெயித்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எடை உண்டு என்பதுதான் அதன் பலம். எழுத்தைப் பார்த்தால் எடையைக் கணக்குப் போடலாம்.

இப்போது சீனக் கணக்குக்கு வருவோம். சமன்பாட்டின்படி ஒரு இரும்பு அணு உள்ளே போனால் ஒரு செம்பு அணு வெளியே வரும். அணு எடை இரும்புக்கு 55.85, செம்புக்கு 63.55. ஆகவே 100 கிராம் செம்புக்கு 88 கிராம் இரும்பு போதும். சீனர்களுக்கு 225 கிராம் ஆயிற்று. மிச்ச இரும்பு எங்கே போனது? சுரங்கத் தண்ணீரில் அமிலம் உண்டு, அது இரும்பைத் தின்றுவிடும். துருவாகவும் கொஞ்சம் போகும். சமன்பாடு இருந்தால், வரவேண்டியது எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று தெரிகிறது. இல்லாவிட்டால் நஷ்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

வீழ்படிவுக்கும் இப்படி ஒரு பணக் கணக்கு உண்டு. பாரிஸ் நாணயச் சாலையில் வெள்ளியின் தரத்தை அதுவரை உலையில் புடம் போட்டுப் பார்ப்பார்கள். அதில் கொஞ்சம் வெள்ளி எப்போதும் குறைந்தே தெரியும். 1832இல் கே லூசாக் ஈர முறையைக் கொண்டுவந்தார். நாணயத்தில் ஒரு துண்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அளந்த உப்புத் தண்ணீரைச் சேர்ப்பது. தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாக சில்வர் குளோரைடு விழும். குலுக்கித் தெளியவைத்து மறுபடி ஒரு சொட்டு. கலங்காமல் நின்றால் வெள்ளி தீர்ந்துவிட்டது என்று பொருள். 100 மில்லி உப்புத் தண்ணீர் சரியாக ஒரு கிராம் வெள்ளியை வீழ்த்தும்படி கரைசலைத் தயாரித்தார். லிட்டருக்கு 5.42 கிராம் உப்பு. நாம் ரசத்துக்குப் போடும் உப்பு ஒரு நாட்டின் நாணயத்துக்குச் சாட்சி சொன்னது.

நடுவில் ஒரு திருப்பமும் உண்டு. 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது விஞ்ஞானிகளையும் கூட்டிப்போனான். அவர்களில் ஒருவர் பெர்த்தொலே. நைல் நதிக்கு மேற்கே பாலைவனத்தில் சோடா ஏரிகளைப் பார்த்தார். ஆய்வகத்தில் சோடாக் கரைசலோடு கால்சியம் உப்பைச் சேர்த்தால் சுண்ணாம்புக்கல் வீழ்படிவாகும், சாதாரண உப்பு கரைசலில் நிற்கும். ஏரியிலோ எல்லாம் தலைகீழாக நடந்திருந்தது. சுண்ணாம்புக்கல்லும் உப்பும் சேர்ந்து கரையில் சோடா பூத்துக் கிடந்தது. உப்பு மலையளவு இருந்தால் வினை திரும்பியும் ஓடும் என்று அவர் புரிந்துகொண்டார். ஒட்டுறவு மட்டும் போதாது, அளவும் பேசும். 1884இல் வான்ட் ஹாஃப் இதற்காகவே எதிரெதிராக இரண்டு அம்புகள் போட்டார்.

அதே 1884இல் சுவீடனின் உப்சாலாவில் ஸ்வாந்தே அர்ரேனியஸ் என்ற இளைஞர் முனைவர் பட்ட ஆய்வைக் கொடுத்தார். கரைசல்களில் மின்சாரம் ஓடுவதைப் பற்றிய ஆய்வு. உப்பு தண்ணீரில் கரைந்த உடனே மின்னேற்றம் உள்ள துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது என்ற முடிவுக்கு அடுத்த சில வருடங்களில் வந்து சேர்ந்தார். பேராசிரியர்களுக்கு அந்த ஆய்வு பிடிக்கவில்லை, குறைந்த தரம் போட்டுத்தான் தேர்ச்சி கொடுத்தார்கள். 1903இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

அந்தத் துண்டுகளைத்தான் அயனி என்கிறோம். இது வந்த பிறகு சமன்பாடு எழுதும் முறையே மாறிப்போயிற்று. வெள்ளிக் கரைசலில் சாதாரண உப்பைப் போட்டாலும், பொட்டாசியம் குளோரைடு போட்டாலும், அதே வெள்ளை வீழ்படிவு. ஏன்? சேர்ந்தது வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் மட்டும். சோடியமும் நைட்ரேட்டும் தண்ணீரிலேயே சும்மா மிதந்து வேடிக்கை பார்க்கின்றன. ஆணிக் கதையிலும் அப்படித்தான். சல்பேட் எதிலும் கலந்துகொள்ளவில்லை. கொடுக்கல் வாங்கல் இரும்புக்கும் செம்புக்கும் நடுவில் மட்டும். கல்லூரியில் சால்ட் அனாலிசிஸ் செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தங்கத் துகள்போல் மின்னும் லெட் அயோடைடு, கிப் உபகரணத்தில் இருந்து வரும் அழுகின முட்டை நாற்றம். அத்தனை சோதனைக்கும் அடிப்படை இந்த ஒரு விஷயம்தான்.

தமிழில் இதை எல்லாம் சொல்ல முடியுமா என்ற கேள்வியும் பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் எடுத்த முயற்சியில் 1875இலேயே 'கெமிஸ்தம்' என்ற ரசாயன நூல் வெளிவந்தது. நம் சேலத்திலும் ராஜாஜி வக்கீலாக இருந்த காலத்தில், 1916இல், தமிழில் அறிவியல் சொற்களை உண்டாக்க ஒரு சங்கம் அமைத்து வேலை செய்தார். பின்னால் 'திண்ணை ரசாயனம்' என்றே ஒரு புத்தகம் எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ரசாயனம் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். அதே ஊருக்குப் பக்கத்தில் நான் "உட்காருடா" என்றேன்.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

மாணவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. "வாங்க சார், சுகமா இருக்கீங்களா? உட்காருங்க" என்று நாற்காலி போட்டார். பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே நீலத் தண்ணீர், அதில் செம்புத் தகடு தொங்கியது. தகட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் வெள்ளி படிந்திருந்தது. அழுக்கு வெள்ளியையும் அரம் ராவின தூளையும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, சுத்த வெள்ளியை இப்படித் திரும்ப எடுக்கிறார்கள்.

"முடிஞ்சுதுன்னு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன்.

"இருங்க சார்" என்று ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் அந்த நீலத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்தார். ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் போட்டார். பால் விட்ட மாதிரி வெளுத்தது. "பாருங்க, இன்னும் வெள்ளி இருக்கு. கலங்காம நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். எங்கப்பா சொல்லிக் கொடுத்தது."

கே லூசாக் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் கே லூசாக்கின் சோதனை அவர் கையில் இருந்தது. ஒரே தொட்டியில் இடப்பெயர்ச்சி வினையும் வீழ்படிவு வினையும். முப்பது வருடம் நான் பலகையில் எழுதியதை அவர் தினமும் செய்துகொண்டிருக்கிறார்.

"செம்பு எவ்வளவு போடுவே?" என்றேன்.

"கண்ணளவுதான் சார். கரைஞ்சிட்டா இன்னொரு தகடு."

பில் புத்தகம் ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன்.

செம்பு + 2 சில்வர் நைட்ரேட் → காப்பர் நைட்ரேட் + 2 வெள்ளி

"இங்க பாரு. ஒரு செம்பு உள்ளே போனா ரெண்டு வெள்ளி வெளியே வரும். செம்போட எடை 63.55. வெள்ளி 107.87, ரெண்டு சேர்ந்தா 215.74. அப்ப ஒரு கிராம் செம்பு கரைஞ்சா சுமாரா 3.4 கிராம் வெள்ளி. ஒரு கிலோ வெள்ளிக்கு 295 கிராம் செம்பு கரையும். தகட்டைப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடை போடு, எடுத்த பிறகு கழுவித் துடைச்சு ஒரு தடவை எடை போடு. குறைஞ்சது எத்தனை கிராமோ அதை 3.4ஆல பெருக்கு. அவ்வளவு வெள்ளி உன் தொட்டியில இருக்கணும். குறைஞ்சா அமிலம் மிச்சம் இருந்து செம்பைத் தின்னிருக்கும், இல்லேன்னா வடிகட்டும்போது வெள்ளி போயிருக்கும்."

அவர் காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். கால்குலேட்டரை எடுத்துத் தானும் ஒரு தடவை பெருக்கிப் பார்த்தார்.

"அப்ப செம்பு வெள்ளியா மாறலை" என்றார்.

"மாறலைப்பா. வெள்ளி தண்ணிக்குள்ளேயே இருந்தது. செம்பு அதோட இடத்துக்குப் போயிடுச்சு. அதனாலதான் தண்ணி நீலமாச்சு."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. "சொல்லியிருக்கணும்பா. தப்புதான்" என்றேன். அவர் சங்கடப்பட்டு, "அட, விடுங்க சார், காபி சாப்பிடுங்க" என்று பையனைக் கடைக்கு அனுப்பினார்.

சாலாவுக்கும் நியூட்டனுக்கும் வந்த சந்தேகம் அன்று என் வகுப்பில் கடைசி பெஞ்சில் எழுந்து நின்றது. பதில் என் முதுகுக்குப் பின்னால் பலகையிலேயே இருந்தது. திரும்பி அதைக் காட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். என்னிடம் படித்த எத்தனை பேர் அந்த வரியை அர்த்தம் தெரியாமல் எழுதி மார்க் வாங்கிப் போனார்களோ, தெரியவில்லை.

கிளம்பும்போது பார்த்தேன், அந்தக் காகிதத்தைக் கிழித்துத் தராசுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். கொலுசுக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் விடவில்லை, கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பேத்தி அதைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் ஓடுகிறாள். அவள் இப்போது ஏழாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆணியும் கொஞ்சம் மயில்துத்தமும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பலகை கிடையாது. திண்ணையில்தான்.